பிஸ்டன் வால்வின் சன்னமான சத்தம்

நான் பேசும்போது என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் நின்று நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் போதும், கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வெங்காயம் விலை ஏறியதைச் சொன்னாலும் அப்படித்தான், என் அண்ணியைப் பற்றிப் புறணி பேசினாலும் அப்படித்தான். இதைப் பார்த்துவிட்டு என் அக்கா ஒருமுறை பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்துனாகூட அவர் கண்ணு டிவியை விட்டு நகராது. ஒன் நஸீப் அப்படி" என்றாள். நஸீப் என்றால் கொடுப்பினை. நாங்கள் கட்கி கண்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் வீட்டுத் தமிழில் பாதி இந்தி, மீதியில் பாதி மராத்தி.

அக்கா சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் ஒன்றும் மெனக்கெடவில்லை. சர்ச் மகளிர் கூட்டத்தில் யாராவது புருஷனைப் பற்றிக் குறை சொன்னால், எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை என்று நானாகவே முன்வந்து சொல்லிவிடுவேன். இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஆகுர்டி தாண்டி ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். டிவி, பிஸ்கட், மருந்து என்று எது உங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஒரு பெட்டிக்குள்தானே வருகிறது, அந்தப் பெட்டிக்கான அட்டையை நாங்கள் செய்கிறோம். இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் இருக்குமே, அந்த நெளிவு வர வேண்டுமானால் சூடான உருளைகள் வேண்டும். உருளை சூடாக நீராவி வேண்டும். பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவி, கூரைக்கடியில் ஓடும் குழாய்கள் வழியாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் போகும். எந்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டுமானாலும் முதலில் அதற்குப் போகும் நீராவியை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குத்தான் வால்வு.

நான் டிப்ளமா படித்துவிட்டு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தவள். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு வந்த ஃபிட்டர். வேலை ஆரம்பிக்க நான் பர்மிட் கொடுத்தால்தான் அவர் ஸ்பானரைத் தொட முடியும். "வீட்ல யார் யாருக்கு பர்மிட் குடுக்கறீங்க?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் பிளான்ட்டில் இல்லை. நானும் சளைக்காமல், வீட்டிலும் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பர்மிட் என் கையில் இருந்தாலும், கடைசி வார்த்தை அவருடையது. எங்கள் பிளான்ட்டில் நான் சேருவதற்கு முன்பிருந்தே ஒரு பழக்கம் உண்டு. வால்வை மூடியபின் குழாயைக் கழற்றுவதற்கு முன்னால், அவர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, ஒரு முனையை வால்வின் உடம்பில் வைத்து, மறு முனையைக் காதுக்குக் கீழே எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். வால்வு சரியாக மூடாமல் நீராவி உள்ளே கசிந்துகொண்டிருந்தால் அதற்குப் பாஸிங் என்று பெயர். கசிவு இல்லையென்றால் அவர் கட்டைவிரலை உயர்த்துவார். அந்த விரல் உயராமல் யாரும் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த மாட்டார்கள். மேனேஜர் வந்து அவசரப்படுத்தினாலும் "அண்ணாவோட அங்கூட்டா வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அங்கூட்டா என்றால் கட்டைவிரல்.

அந்த விரல்தான் அவருடைய மரியாதை. சம்பளத்தில் அவருக்கு மேலே பத்துப் பேர் இருந்தார்கள், நானும் அதில் ஒருத்தி. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் முகத்தையும் கையையும் அவர் காதை நம்பி ஒப்படைத்தார்கள்.

அப்போது எங்களிடம் இருந்தவை பழைய மாதிரி வால்வுகள். உள்ளே ஒரு இரும்புத் தட்டு இறங்கி, ஒரு இரும்பு வளையத்தின்மேல் உட்காரும். இரும்பு இரும்போடு பொருந்த வேண்டும். நடுவில் ஒரு துரும்பு சிக்கினாலும் அந்த இடத்தில் நீராவி பாய்ந்து பாய்ந்து, நாளடைவில் உலோகத்தையே அரித்துக் கோடு போட்டுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஆனால் ஒரு நல்ல குணம், கசிந்தால் ஊரைக் கூட்டும். கம்பியே தேவையில்லை, குழாய் முழுக்க அதிரும், உறுமும், சில சமயம் விசில் அடிக்கும். சக்கரத்தைப் பிடித்துத் திருகுகிற கைக்கும் தெரிந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் நிர்வாகம் அவற்றை எல்லாம் எடுத்துவிட்டுப் பிஸ்டன் வால்வு போட முடிவு செய்தது. விற்க வந்த கம்பெனிக்காரர் பாதியாக அறுத்த ஒரு வால்வைக் கொண்டுவந்து கேன்டீன் மேசையில் வைத்துக் காட்டினார். உள்ளே தட்டும் இல்லை, அது உட்காரும் இடமும் இல்லை. கண்ணாடிபோல் வழவழப்பாக்கிய ஒரு எஃகுத் தண்டு, அதுதான் பிஸ்டன். அதைச் சுற்றி மேலே ஒரு ரிங், கீழே ஒரு ரிங். கிராஃபைட்டும் மெல்லிய எஃகுத் தகடும் அடுக்கி அழுத்தின கறுப்பு வளையங்கள். இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வைத்த ஒரு கூடு. சக்கரத்தைத் திருகினால் பிஸ்டன் இறங்கிக் கீழ் ரிங்குக்குள் நுழைந்து வழியை அடைக்கும். மேலே தூக்கினால் ஜன்னல் வழியாக நீராவி போகும். மேல் ரிங்கின் வேலை, நீராவி தண்டை ஒட்டி வெளியே வராமல் பார்த்துக்கொள்வது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அடைப்பது சக்கரத்தின் பலம் இல்லை. வால்வின் மூடியில் இருக்கும் நட்டுகளை இறுக்கினால் மூடி ரிங்குகளை மேலிருந்து அழுத்தும். மேலிருந்து அழுத்தினால் அவை பக்கவாட்டில் விரிந்து பிஸ்டனை உள்ளே கட்டிப் பிடித்துக்கொள்ளும், வெளியே வால்வின் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடிதான் அடைப்பு. முதல்முறை நீராவி ஏறிச் சூடானதும் ரிங் கொஞ்சம் அமுங்கிப் பிடி தளரும். அப்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுக்க வேண்டும். பிறகும் எப்போதாவது கசிந்தால் நட்டில் ஒரு சின்னத் திருப்பு. அவ்வளவுதான். ரிங் தேய்ந்தால் வால்வைக் குழாயிலிருந்து அறுத்து எடுக்காமலே ரிங்கை மட்டும் மாற்றலாம்.

எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மறுநாளே பழைய புத்தியில் சக்கரத்துக்கு நீளக் கம்பி போட்டு இரண்டு பேர் தொங்கினார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "அரே, அது அங்க போய் எதுமேலயும் ஒக்காரல, சும்மா ஒரு தண்டு உள்ள போகுது, அவ்ளோதான்! எதைப் போட்டு இந்த மொறுக்கு மொறுக்கறீங்க?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கம்பியைக் கீழே போட்டார்கள்.

என் கணவருக்கு இந்த வால்வு பிடிக்கவில்லை. "ஊமப்பய வால்வுட்டி இது" என்றார். "பழையதுன்னா வாயத் தொறந்து பேசும். இது ஒண்ணும் சொல்லமாட்டேங்கு."

நான் சிரித்தேன். "கசியவே இல்லைனா என்ன சொல்லும்?" என்றேன். உண்மையிலேயே அவை மிக நல்ல வால்வுகள். நீராவி வீணாவது குறைந்தது. வாராவாரம் நாங்கள் பார்த்த பாதி ரிப்பேர் இல்லாமல் போனது. அவர் கம்பி வைத்துக் கேட்பார், விரல் உயரும், வேலை நடக்கும். பிஸ்டன் வால்வு கசிந்தாலும் உறுமாது, ரிங்கின் ஓரமாக ஊசி முனையளவு சன்னமாகச் சீறும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தச் சீறல் அவருக்குக் கேட்குமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பிளான்ட்டில் எல்லாருக்கும் காது அவர்தானே.

வீட்டில் சில விஷயங்கள் இருந்தன. அவை தனித்தனியாக இருந்ததால் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. "என்னங்க, குக்கர் எவ்ளோ நேரமா சீட்டி அடிக்குது, பந்த் பண்ணுங்களேன்" என்று நான் பாத்ரூமிலிருந்து கத்துவேன். அவர் ஹாலில் உட்கார்ந்திருப்பார். சோறு குழைந்துபோகும். சோம்பேறித்தனம் என்று திட்டுவேன். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவார். வீடியோ கால் என்றால் மட்டும் விடாமல் பேசுவார். மகள் இதில் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கிறாள். "அப்பாக்கு என் மூஞ்சிதான் வேணும், நான் சொல்றது வேணாம்" என்பாள். அவருக்குப் பிள்ளையைக் கண்ணால் பார்க்க ஆசை என்று நான் சமாதானம் சொல்வேன்.

எங்கள் பக்கத் தொழிற்பேட்டைக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே ஷிஃப்டுக்கு ஓடுகிற ஜாதி நாங்கள். கழற்றிப் பார்க்கிற வேலை எல்லாம் வியாழக்கிழமைக்கு ஒதுக்கி வைப்போம். அப்படி ஒரு வியாழக்கிழமை காலையில், உருளை இயந்திரத்துக்குப் போகும் குழாயின் இணைப்பில் நடுவே வைக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. அவசர ஆர்டர் ஒன்றுக்காகப் பக்கத்து இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் பாய்லரை அணைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிளைக்குழாயின் பிஸ்டன் வால்வை மூடினோம். குழாயில் மிஞ்சியதை வடித்துவிட அடியில் இருக்கும் சின்ன டிரெயின் துளையைத் திறந்தோம். கொஞ்சம் தண்ணீர் வந்தது, நின்றது. குழாய் இன்னும் கொதிக்கிற சூடு, அதனால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவர் கம்பியை வைத்தார். கண்ணை மூடினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து இயந்திரமும் தாள் மாற்றுவதற்காக அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. மற்ற வாரங்களில் எங்களைச் சுற்றி ஏதாவது இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அது இல்லை. அந்த அமைதியில் எனக்கு அது கேட்டது. அழுகிற பிள்ளையைத் தாய் அமர்த்துவாளே, "ஸ்ஸ்ஸ்" என்று, அந்த மாதிரி, விடாமல், மெல்லிசாக. நான் வால்விலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். கம்பி கிம்பி எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் கேட்டது.

அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மராத்திக்கார ஃபிட்டர் ஒருவர் இணைப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் நட்டில் ஸ்பானரை மாட்டினார். அவர் முகம் இணைப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நேரம் இல்லை.

நிறுத்தச் சொல்லி "ருக்கோ!" என்று கத்தினேன். "ஸ்பானர் நிக்காலோ. பாஸிங் ஹே." ஸ்பானரை எடு, கசிகிறது என்று.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். என் வாய் அசைந்ததை அவரும் பார்த்திருந்தார். "இல்லட்டி, நல்லா நிக்கு" என்றார் தமிழில். மறுபடி கம்பியை வைத்தார். இன்னும் அழுத்தி வைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். சீறல் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி நிற்கிறார். அப்படி நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குக்கரும் மகளின் போனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

ஃபிட்டரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, டிரெயின் துளைக்குள் ஒரு ஒயரை விட்டுக் குத்தச் சொன்னேன். உள்ளே துரு அடைத்திருந்தது. அது விலகியதுதான் தாமதம், வெள்ளையாக நீராவி பீறிட்டுக்கொண்டு வந்து எதிர்ச் சுவரில் மோதியது. இணைப்பைக் கழற்றியிருந்தால் அத்தனையும் அந்த மனிதர் முகத்தில் அடித்திருக்கும். அவர் எழுந்து நின்று தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் என் கணவரைப் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை ஒருவர் ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஸ்பானரை எடுத்தார். வால்வின் மூடியில் இருந்த நட்டுகளை, எதிரெதிராக, ஒவ்வொன்றாக, ஒரு சின்னத் திருப்புத் திருப்பினார். அவர் கை எப்போதும்போல் நிதானமாகத்தான் இருந்தது. உள்ளே ரிங் அழுந்தி, விரிந்து, பிஸ்டனை மறுபடி பிடித்துக்கொண்டது. டிரெயினில் வந்த நீராவி மெலிந்து புகையாகி, அதுவும் அடங்கியது. சீறல் நின்றது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நின்னுட்டாட்டி?" என்று கேட்டார்.

அதுவரை அவரிடம்தான் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். என்னைச் சுற்றி ஆட்கள் இல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

பைக்கில் வீட்டுக்குப் போகும் வழியில் பின்னால் உட்கார்ந்து நான் ஏதேதோ சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன், எல்லாருக்கும் நடப்பதுதான் என்றேன். நிக்டி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். பதில் இல்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பி, "ஏதாவது சொன்னியா?" என்றார். இத்தனை வருஷம் அந்தப் பைக்கின் பின்னால் உட்கார்ந்து நான் பேசின பேச்செல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்போது நினைத்தேன்.

காதுப் பரிசோதனைக்குச் சிஞ்ச்வட்டில் ஒரு இடத்துக்குப் போனோம். அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நான் வெளியே, பரிசோதிக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் கடகடவென்று அழுத்தினார். அந்தப் பெண் சுருதியை ஏற்றி ஏற்றிச் சத்தத்தைக் கீச்சென்று சன்னமாக்கிக்கொண்டே போனாள். அவர் விரல் அசையவில்லை. அவள் ஒலியளவைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து கண்ணாடி தாண்டி எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது. அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பெண் பொறுமையானவள். இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்குத் தடித்த சத்தங்கள் கடைசிவரை இருக்கும், மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகும் என்று இந்தியில் விளக்கினாள். பறவைச் சத்தம், விசில், சீறல். அப்புறம் குழந்தைகள் குரல். பெண்கள் குரல். ஆண்கள் பேசுவது இவருக்கு ஓரளவு கேட்கும், அதனால்தான் வேலையிடத்தில் யாருக்கும் தெரியவில்லை என்றாள்.

"என்கிட்ட நல்லாத்தானே பேசறார்?" என்றேன். "எது சொன்னாலும் சரியா பதில் சொல்றாரே?"

"உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவாரா?" என்று கேட்டாள்.

உதடு, கண், புருவம் எல்லாவற்றையும் பார்த்து மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும், பார்ப்பதையே கேட்பதாக அவர்களுக்குத் தோன்றும், அவர்களாகவே உணர்வதற்கு வருஷங்கள் ஆகும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் என் அக்கா விட்ட பெருமூச்சை நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாரே, அதையும். அவருக்குக் காணாமல் போனது என் குரல். அது காணாமல் போனதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்.

பிளான்ட்டில் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இப்போது கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வாங்கியிருக்கிறோம். வால்வில் வைத்தால், காதுக்கு எட்டாத சத்தத்தைக்கூடக் கேட்டு எண்ணாகக் காட்டும். டிரெயின் துளையை முதலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று நான் விதி போட்டிருக்கிறேன். ஒரு மனிதனின் விரலை நம்பி நீராவிக் குழாயைக் கழற்றியது தப்பு என்று எனக்கு இப்போது தெரிகிறது. அது தெரிவதால் வருத்தம் ஒன்றும் குறையவில்லை. இரும்புக் கம்பி அவர் சாய்த்து வைத்த சுவரோரமே ரொம்ப நாள் இருந்தது. அப்புறம் சுத்தம் செய்கிறவர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ரிங் மாற்ற வேண்டியிருந்தால் நான் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போகிறேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி ரிங்கை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். "எந்த லைனுக்கு?" என்று கேட்பார். சொல்வேன். "நட்ட மெதுவா முறுக்கச் சொல்லு. சூடானப்பெறவு இன்னொருக்க பாக்கணும்" என்பார். எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கேட்டுக்கொள்வேன்.

காதுக்கு மெஷின் வாங்கினோம். மகள் லீவு போட்டுவிட்டு வந்து, அதை எப்படிச் சார்ஜ் போடுவது, எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் அவர் வீடு முழுக்க ஆச்சரியத்தோடு சுற்றி வந்தார். ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். பால்கனியில் புறா கத்துகிறது என்றார். குக்கர் முதல் விசிலுக்கே ஓடிப் போய் அணைத்துவிட்டு, அரிசி வேகவில்லை என்று என்னிடம் திட்டு வாங்கினார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் பதில் சொல்ல அவர் இப்போது திரும்ப வேண்டியதில்லை. நான் அடுப்படியிலிருந்து பேசினால் ஹாலிலிருந்து பேப்பரைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார். மற்ற எல்லா வீட்டுப் புருஷனையும்போல. சந்தோஷப்பட வேண்டியவள் நான் எரிச்சல் பட்டேன். சட்டியை நங்கென்று வைத்தேன். அதுவும் அவருக்குக் கேட்டது.

மகள் ஊருக்குப் போனபின் ஒரு நாள் சாயங்காலம், அவர் மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்து மூடினார்.

"ஏன், வலிக்குதா?" என்றேன்.

என் பக்கம் திரும்பிப் பார்த்திருந்ததால் அவருக்குப் புரிந்தது. "வலியெல்லாம் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "இதுல வாறது ஒன் சத்தம் இல்லட்டி. மெட்ரோவுல அடுத்த ஸ்டேஷன் பேரு சொல்லுவாள்லா ஒருத்தி, அவ மாதி கேக்கு. ஒன் சத்தம் எனக்குத் தெரியும். கட்கில ஒங்க வீட்டு வாசல்ல நின்னு, அரே வந்தாச்சு வந்தாச்சுன்னு கூப்பாடு போட்டியே, அதான் ஒன் சத்தம்."

அது கல்யாணத்துக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பேச வந்த நாள். அப்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமாக என் உதட்டைப் பார்த்து, அதற்கு அந்தக் குரலைப் பொருத்திக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெங்காயம் விலைக்கும் அதே குரல், அண்ணி புறணிக்கும் அதே குரல்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. கேட்க வாயைத் திறந்தேன். ஒரு சொட்டுக் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொன்னது உங்களுக்கு வருத்தமா என்று, காற்றுகூட இல்லாமல் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வருத்தந்தான்" என்றார். "அதுக்காவ, சொல்லாம இருக்க முடியுமா? அந்த மனுசன் மூஞ்சி வெந்துருக்கும்லா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா, மெஷின் இல்லாமலே இன்னைக்கு ஒன் சத்தம் எவ்வளவு நல்லாக் கேக்கு" என்றார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.